சிலிண்டருக்குள்ளே என்னதான் இருக்கு?



குழுக் கூட்டங்களில் நீங்கள் கேட்டு அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதி இது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேஸ் அடுப்பைப் பற்றித்தான். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் உறுப்பினர்கள் பலருடைய வீட்டுக்குள் முதன்முதலாக சிலிண்டர் வந்தது 2000-களின் பிற்பகுதியில், தமிழக அரசு இலவசமாக கேஸ் அடுப்பு கொடுத்தபோது. 2016-ல் உஜ்வலா திட்டம் வந்த பிறகு இன்னும் பல வீடுகளுக்கு வந்தது. விறகடுப்பைப் பற்றி நமக்கு அம்மா சொல்லிக் கொடுத்தாங்க, பாட்டி சொல்லிக் கொடுத்தாங்க. எந்த விறகு புகையும், எது நின்னு எரியும், தணலை எப்படி மூடி வைக்கணும் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துகொண்டோம். கேஸ் அடுப்புக்கு அப்படி யாரும் இல்லை. ஏஜென்சியில் இருந்து வந்தவர் ரெகுலேட்டரை ஒரு தடவை மாட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் சிலிண்டருக்கே கொடுத்துவிட்டோம்.

"சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தண்ணி மாதிரி தளும்புதே, தண்ணியைக் கலந்து ஏமாத்துறாங்களா?"

நான்கைந்து குழுக்களில் இருந்து இதே கேள்வி வந்திருக்கிறது. உள்ளே தளும்புவது தண்ணீர் இல்லை, கேஸ்தான். புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை அது. அதை அழுத்தி அடைத்தால் திரவமாக மாறிவிடும். அழுத்தத்தை விட்டால் மறுபடி வாயுவாகிவிடும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ, அதாவது சுமார் 26 லிட்டர் திரவம். இரண்டு குடத்துக்குள் அடங்கிவிடும் அளவுதான். ஆனால் வெளியே விட்டால் 6,500 லிட்டர் வாயு. 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி 13 வைத்தால்தான் அத்தனையும் கொள்ளும். இப்படித் திரவமாக்கி அடைக்க முடியாவிட்டால் ஒரு மாத சமையலுக்கான கேஸை ஒருவர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரவே முடியாது.

சிலிண்டரை முழுக்க நிரப்புவதும் இல்லை. அதன் கொள்ளளவு 33 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வெயில் பட்டால் திரவம் விரியும் என்பதால் மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடைக்கிறார்கள். அந்தக் காலி இடத்தில் வாயு நிற்கிறது. அடுப்பைத் திறந்தால் நமக்கு வருவது அந்த மேல் வாயு. அது போகப்போக கீழே இருக்கும் திரவம் கொதித்துக் கொதித்து மேலே வாயுவை நிரப்பிக்கொண்டே இருக்கும். நெருப்பே இல்லாமல் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பீர்கள். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி சூடு வேண்டும். புரோப்பேனுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். ஐஸை விடக் குளிர்ந்த நிலையில், மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம்ம ஊர் சாதாரணக் காற்றின் சூடே அதற்கு அடுப்பு மாதிரி.

சிலிண்டரைப் படுக்கப் போட்டோ சாய்த்து வைத்தோ எரிக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். படுக்க வைத்தால் வாய்ப்பக்கம் வாயு இருக்காது, திரவம் வந்து நிற்கும். ரெகுலேட்டர் வாயுவுக்காகச் செய்தது. திரவம் குழாய்க்குள் இறங்கி அங்கே 250 மடங்கு விரிந்தால் அடுப்பில் தீ ஆளுயரம் எழும்பும். கேஸ் தீரும் நேரத்தில் "கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்துடலாம்" என்று சிலிண்டரைச் சாய்ப்பதும், வெந்நீரில் உட்கார வைப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. அரை மணி நேரச் சமையலுக்காக உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது. வேண்டவே வேண்டாம்.

"சிலிண்டருக்கு ஏன் வேர்க்குது?"

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குத் தெரியும். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சிலிண்டரிலும் அதேதான் நடக்கிறது. திரவம் வாயுவாகும்போது தன்னைச் சுற்றி இருக்கும் சூட்டை இழுக்கும், இரும்பு குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் துளியாகப் படியும். கல்யாண வீட்டில் பெரிய அடுப்பை விடாமல் எரிக்கும்போது சிலிண்டரின் அடிப்பக்கம் பனி படிந்திருப்பதைக்கூடப் பார்த்திருப்பீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை, அது கசிவு கிடையாது.

இதை வைத்தே ஒரு உபயோகமான காரியம் செய்யலாம். எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்கு என்று தெரிய வேண்டுமா? சிலிண்டரை மேலிருந்து கீழ் வரைக்கும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள். மேலே காலியாக இருக்கும் பகுதி சீக்கிரம் காயும். திரவம் இருக்கும் பகுதி குளிர்ந்தே இருப்பதால் ஈரம் மெதுவாகத்தான் காயும். எந்த இடத்தில் கோடு விழுகிறதோ, அதுதான் மட்டம். தீபாவளிக்கு முதல் நாள் பலகாரத்துக்கு எண்ணெய் காய வைக்கும் முன் இதைச் செய்து பார்த்தால் பாதியில் அடுப்பு அணைந்து தவிக்க வேண்டியதில்லை.

"அடுப்புத் தீ குழாய் வழியா சிலிண்டருக்குள்ளே போயிடாதா?"

மாமியார் இந்தப் பயத்தில் இன்னும் கேஸ் அடுப்புப் பக்கமே வருவதில்லை என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், நல்ல நிலையில் இருக்கும் அடுப்பில் தீ உள்ளே போகாது. எரிவதற்கு கேஸ் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சிலிண்டருக்குள் காற்றே கிடையாது. உள்ளிருந்து கேஸ் வெளியே தள்ளிக்கொண்டே வருவதால் காற்று உள்ளே நுழையவும் வழி இல்லை. கேஸ் வந்து பர்னருக்கு அடியில் காற்றோடு கலந்த பிறகுதான் தீ பிடிக்கிறது.

இடையில் இருக்கும் ரெகுலேட்டர் செய்யும் வேலை பெரிய வேலை. சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு. அதை அப்படியே விட்டால் அடுப்பு தாங்காது. ரெகுலேட்டர் அதைக் குறைத்து, ஒரு அடி உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் அளவுக்குத்தான் குழாயில் விடுகிறது. கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று முத்திரை இல்லாத ரெகுலேட்டரை வாங்கி மாட்டாதீர்கள். ஏஜென்சி கொடுப்பதையே வாங்குங்கள்.

"கேஸுக்கு ஏன் இவ்வளவு நாத்தம்?"

கேஸுக்கு என்று தனி வாசனையே கிடையாது! அந்த நாற்றம் நமக்காக வேண்டுமென்றே சேர்ப்பது. எத்தில் மெர்காப்டான் என்ற பொருளைத் துளி அளவு கலக்கிறார்கள். காற்றில் கேஸ் தீப்பிடிக்கும் அளவுக்குச் சேர வேண்டுமே, அதில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

இந்தப் பழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18-ம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சூடேற்றுவதற்காகக் கொண்டு வந்த இயற்கை எரிவாயு கட்டடத்துக்கு அடியில் கசிந்து சேர்ந்திருந்தது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. பள்ளி விடும் நேரத்தில் ஒரு மின்பொறி பட்டு கட்டடமே வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

சிலிண்டர் தீரப்போகும்போது நாற்றம் கூடுதலாக வருகிறது என்று சிலர் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். கேஸ் முதலில் ஆவியாகிப் போய்விடும், நாற்றப் பொருள் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாமல் அடியில் தங்கிவிடும். கடைசியில் அது சேர்ந்து வருகிறது. அதற்காக "தீரப் போகுது, அதான் நாத்தம்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். எந்த நாற்றத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவதே நல்லது.

இன்னொன்று. சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மூக்கு சரியாக வேலை செய்யாது. கொரோனா வந்த 2020, 2021-ம் வருடங்களில் வாசனையே தெரியாமல் போனது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சோப்புத் தண்ணீரைக் கலக்கி, ரெகுலேட்டர் மாட்டும் இடத்திலும் குழாயின் இரண்டு முனையிலும் தடவிப் பாருங்கள். முட்டை முட்டையாக நுரை கிளம்பினால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிச் சோதிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் செய்பவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். புதுசாக வந்த சிலிண்டரின் வாயில் இருக்கும் ரப்பர் வாஷர் இல்லாமல் போனாலோ வெட்டுப்பட்டிருந்தாலோதான் பெரும்பாலும் கசியும். சிலிண்டர் போட வந்தவரை நிற்க வைத்தே பார்த்துவிடுங்கள்.

"கசிந்த கேஸ் எங்கே போகும்? ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதுமா?"

சகோதரிகளே, இந்த ஒரு பதிலைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

புகை மேலே போகும். அதைப் பார்த்தே பழகியதால் கேஸும் மேலே போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். போகாது. சமையல் கேஸ் காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தண்ணீர் கொட்டினால் எப்படி ஓடுமோ அப்படித் தரையில் இறங்கும், பரவும், பள்ளம் பார்த்துத் தேங்கும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுயரத்தில் இருக்கும் ஜன்னலைத் திறந்தால் மேலே இருக்கும் காற்று மாறும், தரையில் தேங்கியது அத்தனை சீக்கிரம் போகாது. வாசற்கதவைத் திறக்க வேண்டும். நிலைப்படி உயரமாக இருந்தால் அதுவும் ஒரு வரப்பு மாதிரி கேஸைத் தடுக்கும்.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கேஸும் விறகும் இரண்டும் வைத்திருக்கிற வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! மேடையில் கேஸ் அடுப்பு, அதே அறையில் தரையில் விறகடுப்பு, அதில் நீறு பூத்த தணல். சாமி மாடத்தில் விளக்கு. பாய் பக்கத்தில் கொசுவத்திச் சுருள். குழந்தைகள் படுத்திருப்பதும் தரையில். நம் வீட்டு நெருப்பெல்லாம் கேஸ் வந்து தேங்கும் உயரத்தில்தான் இருக்கிறது. நகரத்து வீட்டுக்கு எழுதிய எச்சரிக்கைத் தாளில் இது வராது. விறகடுப்பு எரிகிற அறையில் சிலிண்டர் வேண்டாம். வேறு இடமே இல்லை என்றால் விறகடுப்பையாவது தாழ்வாரத்துக்கோ கொல்லைக்கோ மாற்றிவிடுங்கள். குழுவில் கடன் எடுத்து வீடு கட்டுகிறவர்கள் சமையலறைச் சுவரில் தரையை ஒட்டி ஒரு துவாரம் விடச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்திலோ, அடியில் துவாரம் இல்லாத அலமாரியிலோ வைக்கக் கூடாது.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். எட்டடிக்கு எட்டடி அறை, எட்டடி உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். அறை முழுக்கச் சமமாகப் பரவினாலே ஒரு சொம்புத் திரவம், கிட்டத்தட்ட முக்கால் கிலோ கேஸ் போதும். தரையில் மட்டும் தேங்கி நின்றால் அதை விடக் குறைவே போதும்.

ஆகவே ராத்திரி எழுந்ததும் நாற்றம் வந்தால் கை முதலில் லைட் சுவிட்சுக்குப் போகக் கூடாது. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று அடிக்கும். அது போதும். செல்போன் விளக்கும் வேண்டாம். தடவிக்கொண்டே கதவைத் திறந்து முதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்புங்கள். எட்டும் தூரத்தில் இருந்தால் அடுப்புத் திருகையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். அப்படியும் சீறினால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் கட்டி வரும் வெள்ளை மூடியை அமுக்கிப் போடுங்கள். அந்த மூடி கசிவை நிறுத்தும். பிள்ளைகள் விளையாட எடுத்துப் போகிறார்கள் என்று பல வீடுகளில் மூடியே இருப்பதில்லை. இன்றைக்கே தேடி வையுங்கள். பிறகு வெளியே வந்து, வீட்டை விட்டுத் தள்ளி நின்று, 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண், ராத்திரி பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். தீப்பிடித்துவிட்டால் 101.

ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டில் அதை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கசிவு நேரத்தில் அதன் பிளக்கைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள், அங்கேயும் பொறி வரும். ஃப்ரிட்ஜ் தானாக ஓடித் தானாக நிற்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சுவிட்ச் விழுகிறது. அதனால் சிலிண்டர் இருக்கும் அறையில் ஃப்ரிட்ஜை வைக்காமல் இருப்பதே சரி. மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்தால் அதை மட்டும் இறக்கலாம்.

"தீ மஞ்சளா எரிஞ்சா என்ன அர்த்தம்?"

காற்று போதவில்லை என்று அர்த்தம். நீலத்தில் எரிந்தால் கேஸ் முழுசாக எரிகிறது. காற்று குறைந்தால் எரியாத கரித்தூள் சூட்டில் மின்னும், அதுதான் மஞ்சள். பாத்திரத்தின் அடி கறுப்பதும் அதனால்தான். கேஸும் வீண், பாத்திரம் தேய்க்கும் நம் கையும் வீண். அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் கிளம்பும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பால் பொங்கி, சாதம் வழிந்து பர்னர் துளைகள் அடைபட்டிருக்கும். பர்னர் ஆறிய பிறகு கழற்றித் தேய்த்து, நன்றாகக் காய வைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிலிண்டரைத் தூக்கும் வளையத்துக்குக் கீழே நிற்கும் பட்டைகளின் உட்பக்கம் பாருங்கள். ஒன்றில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். எண்கள் வருடம். சி 28 என்றால் 2028 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம், அது உங்கள் உரிமை. அதே இடத்தில் வெறும் சிலிண்டரின் எடையும் எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை. சந்தேகம் இருந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ரேஷன் கடையில் கேட்கிறோமே, இங்கே மட்டும் ஏன் கூச்சம்?

ஆரஞ்சு நிற ரப்பர் குழாய்க்கும் ஆயுள் உண்டு, ஐந்து வருடம். மேலேயே வருடம் அச்சடித்திருக்கும். எலி கடித்திருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அதன்மேல் துணி உறை தைத்துப் போடும் சகோதரிகளும் இருக்கிறார்கள். தையல் அழகுதான், ஆனால் வெடிப்பு கண்ணில் படாது. கழற்றிவிடுங்கள்.

பெயரில் இணைப்பு உள்ளவர்கள் வீட்டில் விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு இருக்கிறது. அதற்கு நாம் தனியாகப் பணம் கட்டுவதில்லை. விபத்து நடந்தவுடன் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். போலீஸிலும் பதிவு செய்ய வேண்டும். இணைப்புப் புத்தகத்தைக் குழு பாஸ் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பில் தீயே இல்லாமல் எப்படிச் சூடாகுது, மண்சட்டியை வைத்தால் ஏன் சூடாக மாட்டேங்குது என்று இரண்டு குழுக்கள் கேட்டிருக்கின்றன. அதை அடுத்த இதழில் பார்ப்போம். வேறு கேள்விகள் இருந்தால் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள்.